ஆஸ்துமாவும் கர்ப்பகால ரசாயனங்களும்: நியூயார்க் ஆய்வு சொல்வது என்ன?

நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் 1998இல் ஒரு நீண்ட ஆய்வு தொடங்கியது. அதில் சேர்ந்த கர்ப்பிணிகள், பிரசவத்துக்கு முந்தைய மூன்று மாதங்களில் இரண்டு நாள் முழுக்க முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு நடமாடினார்கள். கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் பை கூடவே போகும். இரவில் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். பைக்குள் ஒரு சின்ன பம்ப். அந்தப் பெண் மூச்சு விடும் உயரத்தில் இருந்த குழாய் வழியாக அது காற்றை இழுத்து, காற்றில் இருந்த தூசியையும் ரசாயனங்களையும் வடிகட்டியில் பிடித்து வைத்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் சுற்றுச்சூழல் சுகாதார மையம் நடத்திய ஆய்வு இது. ஃபிரெடெரிகா பெரேரா தலைமை தாங்கினார். சேர்க்கப்பட்டவர்கள் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்களும் டொமினிக்கன் பெண்களும். புகைபிடிக்கும் பெண்களை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, ஏனென்றால் சிகரெட் புகையின் பாதிப்பு மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடும். நியூயார்க்கிலேயே குழந்தைகளுக்கு ஆஸ்துமா மிக அதிகமாக இருந்த பகுதிகளில் இவையும் சேரும். பிறந்த குழந்தைகளை விட்டுவிடாமல், வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள்.

அம்மா சுவாசித்த காற்று, தொட்ட பொருள், சாப்பிட்ட சாப்பாடு வழியாக உள்ளே போன ரசாயனங்களுக்கும், ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் பிள்ளைக்கு வரும் மூச்சுத் திணறலுக்கும் தொடர்பு இருக்குமா? பலருக்கும் இது நம்ப முடியாத கேள்வியாகத் தோன்றும். வயிற்றில் இருக்கும் குழந்தை மூச்சே விடுவதில்லையே, அதன் நுரையீரலில் காற்றுக்குப் பதில் திரவம்தானே இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான சந்தேகம்தான். ஆனால் நுரையீரல் உருவாகும் கால அட்டவணையைப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும்.

முதலில் ஆஸ்துமா என்றால் என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மூச்சுக்குழல்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியோடு, எளிதில் கோபப்படும் நிலையில் இருக்கும். தூசி, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், புகை என ஏதாவது ஒன்று பட்டால் குழலைச் சுற்றியுள்ள தசை இறுகும், உட்சுவர் வீங்கும், சளி அதிகமாகச் சுரக்கும். குழல் குறுகி, மூச்சை வெளிவிடும்போது விசில் சத்தம் கேட்கும். இதைத்தான் வீட்டில் வீசிங் என்றும் இளைப்பு என்றும் சொல்கிறோம். சின்ன வயதில் வீசிங் வந்த எல்லாக் குழந்தைக்கும் பிற்பாடு ஆஸ்துமா வருவதில்லை. அதனால்தான் இந்த மாதிரி ஆய்வுகளில் குழந்தைக்கு ஐந்து, ஏழு, பத்து வயது ஆகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது கால அட்டவணைக்கு வருவோம். கரு உருவான நான்காவது வாரத்தில், உணவுக்குழல் ஆகப்போகும் பகுதியிலிருந்து ஒரு சிறு மொட்டு முளைக்கிறது. அதுதான் நுரையீரலின் ஆரம்பம். பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் தெரியவரும். அந்த மொட்டு இரண்டாகக் கிளைக்கும், ஒவ்வொன்றும் மறுபடி கிளைக்கும், அப்படியே போகும். ஏறக்குறைய பதினேழாவது வாரத்துக்குள் மூச்சுக்குழல்களின் கிளைப்பு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு குழல்கள் நீளும், அகலமாகும். புதிய கிளை வராது. ஆக்சிஜனை ரத்தத்துக்கு மாற்றும் நுண்ணிய காற்றுப்பைகள்தான் கடைசி மாதங்களில் தொடங்கி, பிறந்த பிறகும் சில ஆண்டுகள் பெருகிக்கொண்டே இருக்கும். அதாவது, ஒருவர் எண்பது வயது வரை பயன்படுத்தப்போகும் குழல்களின் அடிப்படை அமைப்பு, அம்மாவுக்கு வயிறு சரியாகத் தெரிவதற்கு முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

இதே காலத்தில் இன்னொரு வேலையும் நடக்கிறது. குழந்தையின் நோய் எதிர்ப்பு மண்டலம் உருவாகிறது. அம்மாவின் உடலும் குழந்தையின் உடலும் ஒன்றை ஒன்று அந்நியமாகப் பார்த்துத் தாக்கிவிடக் கூடாது என்பதற்காக, கர்ப்பத்தில் இந்த மண்டலம் ஒரு குறிப்பிட்ட பக்கம் சாய்ந்தே இருக்கும். அந்தப் பக்கம்தான் ஒவ்வாமைக்கும் உரிய பக்கம். பிறந்த பிறகு கிருமிகளோடும் வெளியுலகத்தோடும் பழகப் பழக அது சமநிலைக்கு வரும். வராமல் அந்தச் சாய்வு நீடித்தால் அலர்ஜிக்கும் ஆஸ்துமாவுக்கும் வழி திறக்கிறது. ஆக, பிறப்பதற்கு முன்பே இரண்டு இடங்களில் ரசாயனங்கள் கை வைக்க வாய்ப்பு இருக்கிறது: குழல்களின் அமைப்பு, எதிர்ப்பு மண்டலத்தின் சாய்வு.

சரி, ரசாயனம் அங்கே எப்படிப் போய்ச் சேரும்? நஞ்சுக்கொடி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அது எல்லாவற்றையும் தடுப்பதில்லை. அளவில் சிறிய, கொழுப்பில் கரையக்கூடிய பல பொருட்கள் அதைக் கடந்து போகின்றன. அவற்றில் ஒரு குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பிடிபடும். அந்தக் குடும்பத்தின் பெயர் தாலேட்டுகள்.

பிவிசி என்ற பிளாஸ்டிக் இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைத் தட்டிப் பார்த்தால் தெரியும். அதே பிவிசியை வளைகிற மாதிரி, மெத்தென்று ஆக்குவதற்குக் கலக்கும் எண்ணெய் போன்ற திரவங்களே தாலேட்டுகள். வினைல் தரைவிரிப்பு, ரெக்சின், குளியலறைத் திரை போன்றவற்றில் இருக்கும். வாசனைப் பொருட்களிலும் நெயில் பாலிஷிலும் சில மாத்திரைகளின் மேல்பூச்சிலும்கூட இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை சேர்க்கப்பட்டிருக்கின்றன. இவை பிளாஸ்டிக்கோடு இறுக்கமாகப் பிணைந்து இருப்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வீட்டுத் தூசியிலும் காற்றிலும், பட்டால் உணவிலும் சேரும். 2003இல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க்கில் 30, போலந்தின் கிராகோவ் நகரில் 30 என்று கர்ப்பிணிகள் சுவாசித்த காற்றைப் பையில் பிடித்துப் பார்த்தார்கள். நான்கு வகைத் தாலேட்டுகள் ஒருவர் விடாமல் அத்தனை பேரின் காற்றிலும் இருந்தன.

இனி முக்கியமான முடிவுக்கு வரலாம். 2014இல் ராபின் வயட், ரேச்சல் மில்லர் உள்ளிட்ட கொலம்பியா குழுவினர் 300 தாய்–சேய் ஜோடிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அம்மாக்களிடம் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிறுநீர் மாதிரி எடுத்து, தாலேட்டுகள் உடலில் உடைந்து உருவாகும் பொருட்களின் அளவைப் பார்த்திருந்தார்கள். குழந்தைகளை 5 வயதிலிருந்து 11 வயது வரை கவனித்தார்கள். இரண்டு வகைத் தாலேட்டுகளில் தொடர்பு தெரிந்தது. ஒன்று, வினைல் தரைவிரிப்பிலும் ரெக்சினிலும் வரும் பியூட்டைல் பென்சைல் தாலேட். மற்றொன்று, அழகுசாதனங்களில் வரும் டைபியூட்டைல் தாலேட். அளவு அதிகமாக இருந்த மூன்றில் ஒரு பங்கு அம்மாக்களின் பிள்ளைகளுக்கு, குறைவாக இருந்த மூன்றில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட ஆஸ்துமா வரும் வாய்ப்பு முறையே 72 சதவீதமும் 78 சதவீதமும் கூடுதலாக இருந்தது. அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்ததா, வீட்டில் யாராவது புகைபிடித்தார்களா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இப்படி.

72 சதவீதம் என்றதும் நெஞ்சு பதறும். அதனால் இந்த எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். நூறு பிள்ளைகளில் 72 பேருக்கு ஆஸ்துமா வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கணக்குக்காக, அளவு குறைந்த பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு ஆஸ்துமா வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு அதிகமான பிரிவில் அது பதினேழு பேராகிறது. மீதி எண்பத்துமூன்று பேருக்கு வரவில்லை. ஒரு தனி அம்மாவின் பார்வையில் இது விதி அல்ல. ஒரு ஊரின், ஒரு நாட்டின் பார்வையில் அந்தக் கூடுதல் ஏழு பேர் மிகப் பெரிய எண்ணிக்கை. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் பாதிப் பயமும் பாதி அலட்சியமும் போய்விடும்.

அதே ஆய்வில், தாலேட்டுகளில் மிகப் பரவலாகப் பேசப்படும் டிஇஹெச்பி என்ற வகைக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு தெரியவில்லை. ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒன்று ஒரு மாதிரி, மற்றொன்று வேறு மாதிரி. "பிளாஸ்டிக் என்றாலே ஆஸ்துமா" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து ஒரு நல்ல பதில் கிடைத்தது. அங்கேயும் தாய்–சேய் ஜோடிகளைப் பல ஆண்டுகளாகப் பின்தொடரும் ஆய்வு ஒன்று உண்டு. அம்மாவின் சிறுநீரில் பியூட்டைல் பென்சைல் தாலேட்டின் தடயம் அதிகமாக இருந்தால் பிள்ளைக்கு ஆஸ்துமா வாய்ப்பு கூடியது அங்கும் தெரிந்தது. பிறகு எலிகளில் சோதித்தார்கள். சினையாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் தாய் எலிக்கு இந்தத் தாலேட்டைக் கொடுத்தார்கள். குட்டிகளுக்கு ஒவ்வாமை ஆஸ்துமாவின் அறிகுறிகள் கூடின. அந்தக் குட்டிகளின் குட்டிகளுக்கும் கூடின. ஆனால் வளர்ந்த எலிக்கு நேரடியாகக் கொடுத்தபோது அப்படி நடக்கவில்லை. 2017இல் வெளியான இந்த முடிவில் எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிப் பகுதிதான். எவ்வளவு ரசாயனம் என்பதைப் போலவே, எந்த வயதில் என்பதும் முக்கியம்.

பேரக்குட்டி வரை எப்படிப் போகிறது? மரபணுவின் எழுத்துகள் மாறுவதில்லை. மரபணுவின் மேல் மெத்தில் என்ற சிறு ரசாயன ஒட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒட்டு விழுந்த மரபணு வேலை செய்யாமல் அடங்கிக் கிடக்கும். லைப்சிக் எலிகளில் இப்படி அடங்கிப்போனவை ஒவ்வாமைக்கு பிரேக் போடும் மரபணுக்கள். செல்கள் பிரியும்போது இந்த ஒட்டும் நகலாகிறது. இதை எபிஜெனிடிக் மாற்றம் என்கிறார்கள். கொலம்பியா குழுவும் 2009இல் இதே போன்ற ஒன்றைக் கண்டது. டீசல் புகை போன்றவற்றில் வரும் பிஏஹெச் என்ற ரசாயனங்களை அதிகம் சுவாசித்த அம்மாக்களின் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஏசிஎஸ்எல்3 என்ற மரபணுவில் இந்த ஒட்டு அதிகமாக இருந்தது. அந்த ஒட்டு இருந்த பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குள் ஆஸ்துமா அறிகுறிகளும் அதிகம் தெரிந்தன. பார்த்தது 56 குழந்தைகளைத்தான். ஆகவே ஒரு துப்பு என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது ஒரே திசையில் போகிற மாதிரித் தோன்றலாம். அப்படி இல்லை என்பதற்கு பிஸ்ஃபினால் ஏ நல்ல உதாரணம். கெட்டியான பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கிலும் உணவு டின்களின் உட்பூச்சிலும் ரசீதுத் தாளிலும் இருக்கும் பொருள் இது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் நடந்த ஆய்வில், கர்ப்பத்தின்போது இது அதிகமாக இருந்த அம்மாக்களின் குழந்தைகளுக்கு ஆறு மாத வயதில் வீசிங் அதிகம், மூன்று வயதில் வித்தியாசம் இல்லை. கொலம்பியா குழு 2013இல் பார்த்தபோது, கர்ப்பத்தில் அதிகமாக இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஐந்து வயதில் வீசிங் குறைவாகவே இருந்தது. ஆனால் பிறந்த பிறகு குழந்தையின் சிறுநீரிலேயே அதிகமாக இருந்தால் ஆஸ்துமா கூடியது. 2022இல் எட்டு ஐரோப்பிய ஆய்வுகளைச் சேர்த்து 3,007 ஜோடிகளைப் பார்த்தபோது, பெண் குழந்தைகளிடம் மட்டும் தொடர்பு தெரிந்தது.

ஏன் இவ்வளவு குழப்பம்? முக்கியமான காரணம் அளக்கும் முறையில் இருக்கிறது. தாலேட்டும் பிஸ்ஃபினாலும் உடலில் நிலைத்துத் தங்குவதில்லை. ஓரிரு நாளில் சிறுநீரில் வெளியேறிவிடும். திங்கட்கிழமை எடுத்த மாதிரியும் வியாழக்கிழமை எடுத்த மாதிரியும் பெருமளவு வேறுபடலாம். ஒன்பது மாதக் கதையை ஒன்றிரண்டு மாதிரிகளை வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதோடு, கொலம்பியா ஆய்வில் மாதிரி எடுத்தது கடைசி மாதங்களில். குழல்களின் கிளைப்போ பதினேழாவது வாரத்தில் முடிந்துவிட்டது. ஆகவே அந்த ஆய்வு எதிர்ப்பு மண்டலத்தைப் பற்றிப் பேசுகிறதா, அல்லது அந்தப் பெண் கர்ப்பம் முழுக்கப் பயன்படுத்திய பொருட்களின் அடையாளமாகக் கடைசி மாத அளவு இருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ரசாயனத்தை வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கர்ப்பிணிகளிடம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. நன்மை செய்யக்கூடியதைக் கொடுத்து, எதிர்ப் பக்கத்திலிருந்து செய்யலாம். டென்மார்க்கில் 736 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 24ஆவது வாரத்திலிருந்து ஒரு பிரிவுக்கு மீன் எண்ணெய் மாத்திரையும் மற்ற பிரிவுக்கு ஆலிவ் எண்ணெய் மாத்திரையும் கொடுத்தார்கள். மீன் எண்ணெய் பிரிவின் பிள்ளைகளில் 16.9 சதவீதம் பேருக்கும் மற்ற பிரிவில் 23.7 சதவீதம் பேருக்கும் ஆஸ்துமா அல்லது தொடர் வீசிங் வந்தது. இதைப் படித்துவிட்டுக் கடையில் மாத்திரை வாங்கிவிடாதீர்கள். அங்கே கொடுத்தது வழக்கமாக விற்பதைவிட மிக அதிக அளவு. கர்ப்பகாலத்தில் அம்மாவின் உடலில் நடக்கும் மாற்றம் பிள்ளையின் மூச்சை உண்மையிலேயே பாதிக்கும் என்பதற்கு வலுவான சாட்சி இது என்பதற்காகவே சொல்கிறேன்.

ரசாயனங்கள் எல்லாவற்றிலும் சந்தேகத்துக்கே இடமில்லாதது சிகரெட் புகை. அம்மா பிடித்தாலும் சரி, பக்கத்தில் அப்பா பிடித்தாலும் சரி. கிருமிநாசினிகள் பற்றி ஜப்பானில் 78,915 ஜோடிகளைப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. வேலையிடத்தில் தினமும் கிருமிநாசினி பயன்படுத்திய கர்ப்பிணிகளின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் ஆஸ்துமா வாய்ப்பு ஏறக்குறைய கால் பங்கு கூடுதல். நர்ஸுகளும் துப்புரவுப் பணியாளர்களும்தான் இதில் முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அவர்கள் வேலையை விட்டுவிட முடியாது. கையுறை, காற்றோட்டம், கர்ப்பகாலத்தில் வேறு வேலைக்கு மாற்றுவது எல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியவை.

நம் வீடுகளில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது கொசுவர்த்திச் சுருள். மூடிய அறையில் ஒரு சுருள் முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம் என்று சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்த 2003ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. கொசுவை விட்டுவிடவும் முடியாது, டெங்கு கர்ப்பிணிக்கு ஆபத்து. கொசுவலையும் ஜன்னல் வலையும் இந்தச் சிக்கலுக்கு நல்ல பதில். விறகடுப்புப் புகையும் இதே கணக்குதான். தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. அது ஆஸ்துமாவைப் பற்றிய ஆய்வு இல்லை. காற்றில் இருப்பது கருவைத் தொடுகிறது என்பதை நம் ஊரிலேயே அளந்து காட்டியது அது.

மற்றதில் நம்பிக்கை தரும் விஷயம், தாலேட்டும் பிஸ்ஃபினாலும் உடலிலிருந்து வேகமாக வெளியேறிவிடும் என்பதே. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஐந்து குடும்பங்களுக்கு மூன்று நாள் டின்னோ பிளாஸ்டிக்கோ படாத புதிதாகச் சமைத்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள். பிஸ்ஃபினால் அளவு மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. கலிஃபோர்னியாவின் சலினாஸில் நூறு பதின்வயதுப் பெண்கள் மூன்று நாள் வேறு ஷாம்பு, சோப்பு, மேக்கப்புக்கு மாறியபோது வாசனைப் பொருட்களில் வரும் தாலேட்டின் அளவு 27 சதவீதம் குறைந்தது. சூடான சாப்பாட்டை எவர்சில்வரிலோ கண்ணாடியிலோ வைப்பது, பிளாஸ்டிக் டப்பாவை மைக்ரோவேவில் வைக்காமல் இருப்பது, ரூம் ஸ்பிரேக்கு ஓய்வு கொடுப்பது, தூசியை ஈரத்துணியால் துடைப்பது, கர்ப்பம் தெரிந்த கையோடு வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் வேலையை வேறு ஒருவரிடம் விடுவது. இவ்வளவு போதும். வளைகாப்புக்குப் போட்ட நெயில் பாலிஷை நினைத்து ராத்திரி தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பெண், "மருந்தும் ரசாயனம்தானே" என்று கர்ப்பத்தில் இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா வயிற்றில் உள்ள குழந்தைக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைக்கும். அது பெரிய, நிச்சயமான கெடுதல். டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாப் பொறுப்பையும் கர்ப்பிணியின் தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. எந்தத் தரைவிரிப்பில் எந்தத் தாலேட் என்று எந்த அட்டையில் எழுதியிருக்கிறது? அமெரிக்காவில் 2008இல் வந்த சட்டம், மேலே பார்த்த இரண்டு தாலேட்டுகளையும் டிஇஹெச்பியையும் குழந்தைகளின் பொம்மைகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று தடுத்தது. நல்ல சட்டம். ஆனால் பொம்மையைக் கையில் வாங்கும் வயதுக்கு முன்னால், அம்மாவின் வயிற்றில் இருக்கும்போது அந்தக் குழந்தையை அது தொடவில்லை.

சட்டம் சரியான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே நியூயார்க் பெண்களிடம் பார்க்க முடிந்தது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தை அந்த அடுக்குமாடி வீடுகளில் கரப்பான்பூச்சிக்கு அடித்துவந்தார்கள். 2001இல் வீட்டு உபயோகத்துக்கு அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்களில், தொப்புள்கொடி ரத்தத்தில் அந்த மருந்து அதிகமாக இருந்த குழந்தைகளின் எடை குறைவாக இருந்தது. தடைக்குப் பிறகு பிறந்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு வெகுவாக இறங்கியது, எடையில் அந்த வித்தியாசமும் காணப்படவில்லை. அந்த அம்மாக்கள் யாரும் லேபிளைப் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கிடைத்த பலன் அல்ல அது.